காலேஜ்ல பிரேக் எடுத்துட்டு வேற காலேஜுக்கு மாறுறது எப்படி: அமெரிக்காவுல படிக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு முழு வழிகாட்டி

ரெண்டாவது வருஷம் ஸ்பிரிங் செமஸ்டர், பத்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கெமிஸ்ட்ரி லேப் ரிப்போர்ட்ட சப்மிட் பண்ணிட்டு டார்முக்கு வந்து படுத்தேன், அதுக்கப்புறம் நான் கிளாஸ் பக்கமே போகல. யார்கிட்டயும் சொல்லல, ஃபார்ம் எதுவும் போடல, ப்ரொஃபசர் அனுப்பின மெயில திறந்துகூட பாக்கல. மே மாசம் கிரேடு வந்தப்ப மூணு எஃப். ஜூன்ல ஒரு பில்லு, அரசாங்கம் குடுத்த எய்டுல (படிப்பு உதவிப் பணம்) ஒரு பங்க திருப்பி எடுத்துட்டாங்கன்னு. அந்த மூணு எஃப்பையும் டபிள்யூவா (ஃபெயில்னு இல்லாம, விலகிட்டதா காட்டுற குறி) மாத்த எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு, அப்புறம் ஒன்றரை வருஷம் பிரேக், அப்புறம் வேற யூனிவர்சிட்டில டிரான்ஸ்ஃபர் கிடைச்சு டிகிரி முடிச்சேன்.

பிரேக் எடுத்தது தப்புன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. சொல்லாம கொள்ளாம போனேன் பாருங்க, அதுக்குதான் இவ்வளவு விலை குடுத்தேன். அதனால இந்த வழிகாட்டில பாதிக்கு மேல "எப்படி கிளம்புறது" பத்திதான் இருக்கும், ஒழுங்கா கிளம்பி வந்துட்டா டிரான்ஸ்ஃபர் பண்றது அப்படி ஒண்ணும் மலைய புரட்டுற வேலை இல்ல.

1. எந்த வழியா வெளிய வரப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மூணு வழி இருக்கு. ஒண்ணு லீவ் ஆஃப் ஆப்சென்ஸ், அதாவது உங்க சீட்ட வச்சுக்கிட்டு ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ லீவு போடுறது. ரெண்டாவது வித்டிராயல், முழுசா விலகுறது, திரும்பி வரணும்னா ரீஅட்மிஷன் கேக்கணும். மூணாவது நான் பண்ணது, அத வழின்னே சொல்லக்கூடாது.

மாறப்போறதுன்னு முடிவாயிடுச்சு, அப்புறம் எதுக்கு லீவு, நேரா வித்டிரா பண்ணிடலாமேன்னு தோணும். என்னோட கருத்து, லீவு கிடைக்கும்னா லீவே போடுங்க. டிரான்ஸ்ஃபர் அப்ளை பண்ண எடத்துல எல்லாம் இல்லன்னு வந்துட்டா திரும்பிப் போக ஒரு எடம் இருக்கணும்ல. லீவுல இருந்துக்கிட்டே வேற காலேஜுக்கு அப்ளை பண்றதுல பொதுவா பிரச்சினை இல்ல. ஆனா லீவு பாலிசிய கடைசி வரி வரைக்கும் படிச்சுடுங்க, சில காலேஜ்ல லீவுல இருக்கும்போது வேற காலேஜ்ல கிளாஸ் எடுக்கணும்னா முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும்னு இருக்கும், அது தெரியாம கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ உள்ளூர் காலேஜ்) சேந்துட்டு அப்புறம் முழிக்க வேண்டாம். திரும்பி வர்றேன்னு சொல்ல வேண்டிய கடைசி தேதியையும் இப்பவே ஃபோன்ல ரிமைண்டரா போட்டு வச்சிடுங்க.

இன்னொரு வழியும் யோசிக்கலாம்: முதல்ல அப்ளை பண்ணி அட்மிஷன் வாங்கிட்டு, அப்புறம் அந்த புது காலேஜ்கிட்டயே ஒரு வருஷம் தள்ளிப் போட கேக்குறது. டிரான்ஸ்ஃபர் ஸ்டூடண்டுக்கு நிறைய காலேஜ் இத குடுக்கறதில்ல, ஆனாலும் கேக்குறதுக்கு காசா பணமா.

2. சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லன்னா, இத படிக்காம ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க

எஃப்-1 விசாவுல இருக்கிறவங்க கிளாஸுக்கு போறத நிறுத்தினா அன்னைக்கே ஸ்டேட்டஸ்ல கை வைக்கிற மாதிரி. கோர்ஸ் டிராப் பண்றதுக்கு முன்னாடியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல உங்க டிஎஸ்ஓவ (வெளிநாட்டு மாணவர்களோட விசா விஷயத்த பாக்குற காலேஜ் அதிகாரி) போய் பாக்கணும், டிராப் பண்ணிட்டு போய் சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. முன்கூட்டி அனுமதியோட விலகினா நாட்ட விட்டு கிளம்ப 15 நாள் டைம் கிடைக்கும். அனுமதி இல்லாம விலகினா அந்த 15 நாள்கூட கிடையாது.

அடுத்து 5 மாச கணக்கு. ஊருக்குப் போயிட்டு 5 மாசத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா பழைய செவிஸ் ரெக்கார்ட (அரசாங்கத்தோட மாணவர் விசா பதிவு) வச்சு திரும்பி வர முடியாது, புது ஐ-20 (விசாவுக்காக காலேஜ் குடுக்கிற சான்று) வாங்கணும், செவிஸுக்கான 350 டாலர் ஐ-901 ஃபீஸ் மறுபடி கட்டணும், அதவிட பெரிய அடி என்னன்னா சிபிடி, ஓபிடிக்கு (படிப்பு சம்பந்தமான வேலை பாக்குற அனுமதிகள்) தேவையான ஒரு முழு கல்வியாண்டு கணக்கு புதுசா ஆரம்பிக்கும். இதுக்கு மாறா அமெரிக்காவுல இருந்துக்கிட்டே செவிஸ் ரெக்கார்ட டிரான்ஸ்ஃபர் பண்றீங்கன்னா, ரிலீஸ் தேதியிலருந்து 5 மாசத்துக்குள்ள புது காலேஜ்ல கிளாஸ் ஆரம்பிச்சாகணும். அதாவது எஃப்-1ல இருக்கிறவங்களுக்கு இங்கயே உக்காந்து ஒரு வருஷம் பிரேக் எடுக்குறதுங்கிறது சாதாரணமா நடக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. உடம்போ மனசோ சரியில்லன்னா டாக்டரோ லைசன்ஸ் உள்ள சைக்காலஜிஸ்டோ குடுக்கிற லெட்டர வச்சு டிஎஸ்ஓ ரெட்யூஸ்ட் கோர்ஸ் லோட், அதாவது கம்மி கிளாஸ் எடுக்குற அனுமதி குடுக்கலாம், தேவைப்பட்டா கிளாஸே எடுக்காம இருக்கவும் விடலாம், ஒரு டிகிரி லெவலுக்கு மொத்தம் 12 மாசம் வரைக்கும். ஸ்டேட்டஸ் போகாது, நாட்ட விட்டு கிளம்பவும் வேண்டாம். ராத்திரி தூக்கமில்லாம, சாப்பாடு எறங்காம, விசா பயத்துல கிளாஸுக்கு இழுத்துக்கிட்டு போற பிள்ளைங்க நிறைய பேர் இருக்காங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்க அப்படி யாராவது இருந்தா இந்த ஒரு பாராவ மட்டுமாவது அவங்களுக்கு சொல்லுங்க.

அடுத்து எச்-4 பிள்ளைங்க, அதாவது எச்-1பி வேலை விசாவுல இருக்கிறவங்களோட பிள்ளைங்க, நம்ம வீடுகள்ல இது ரொம்ப. எச்-4ல படிக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால பிரேக் எடுத்தா ஸ்டேட்டஸுக்கு ஒண்ணும் ஆகாது. சிக்கல் 21 வயசுல. 21 ஆனா எச்-4 முடிஞ்சுது, அதுக்குள்ள வேற ஸ்டேட்டஸுக்கு மாறணும், எஃப்-1க்கு மாறணும்னா கையில ஐ-20 வேணும், ஐ-20 வேணும்னா ஏதாவது ஒரு காலேஜ்ல அட்மிஷன் இருக்கணும். இருபதரை வயசுல பிரேக் எடுத்துட்டு எந்த காலேஜ்லயும் இல்லாம நின்னா கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டேட்டஸ் மாத்துற அப்ளிகேஷனே முடிய பல மாசம் ஆகும். 19 வயசுலயே இந்த தேதிய காலண்டர்ல குறிச்சு, ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு தடவ பேசிட்டு பிரேக் எப்போன்னு முடிவு பண்ணுங்க. எச்-4லயும் எஃப்-1லயும் பிரேக் நேரத்துல வெளிய வேலை பாக்க முடியாதுங்கறதையும் சேத்து யோசிங்க, கேஷ் குடுக்குறாங்கன்னு தெரிஞ்சவங்க கடையில நிக்கிறது பிற்காலத்துல கிரீன் கார்டு நேரத்துல வந்து நிக்கும்.

3. கிளம்புற தேதிய நீங்களே தேர்ந்தெடுங்க

பிரேக்குக்கு நல்ல நேரம் செமஸ்டர் முடிஞ்ச உடனே. ரெண்டு மூணு வாரம்தான் பாக்கின்னா, ஒரு சப்ஜெக்ட விட்டுட்டாவது மத்தத முடிச்சிட்டு போங்க, முடிச்ச கிரெடிட் எங்க போனாலும் கூட வரும்.

முடியவே முடியல, நடுவுலதான் போயாகணும்னா நாலு தேதி பாக்கணும். ஆட்-டிராப் முடியிற தேதி, அதுக்குள்ள விட்டா டிரான்ஸ்கிரிப்ட்ல ஒண்ணுமே தெரியாது. ரீஃபண்ட் அட்டவணை, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு சதவீதம் திரும்ப வரும்னு காலேஜ் வெப்சைட்டுல இருக்கும், ஒரே ஒரு நாள் தாமதத்துல ஆயிரக்கணக்குல போயிடும். வித்டிரா பண்ண கடைசி தேதி, அதுக்குள்ள ஃபார்ம் போட்டா டபிள்யூ, தாண்டினா என்ன கிரேடு வருதோ அது.

நாலாவது, ஃபெடரல் எய்ட் வாங்குறவங்களுக்கு 60 சதவீதக் கணக்கு. செமஸ்டர்ல 60 சதவீதம் முடியறதுக்குள்ள விலகினா, மிச்ச நாளுக்கான எய்ட காலேஜ் அரசாங்கத்துக்கு திருப்பி அனுப்பணும், அந்தப் பள்ளத்த அடைக்க பில்லு உங்க பேருக்கு வரும். 15 வார செமஸ்டர்ல ஏறக்குறைய ஒன்பதாவது வாரம் முடியிறப்ப 60 சதவீதம் தாண்டிடும், அதுக்கப்புறம் விலகினா எய்ட் முழுசும் உங்களுது.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் நின்னது பத்தாவது வாரம், அப்ப எனக்கு பில்லே வந்திருக்கக்கூடாது இல்லையா. ஆனா நான் யார்கிட்டயும் சொல்லாம நின்னதால, எந்த தேதில நின்னேன்னு காலேஜுக்குத் தெரியல, அப்படி தெரியாத கேஸ்ல செமஸ்டரோட நடுப்புள்ளிய, 50 சதவீதத்த, விலகின தேதியா எடுத்துக்கலாம்னு விதி இருக்கு. அப்படித்தான் பில்லு போட்டாங்க. அப்புறம் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸ்ல ஒரு அம்மா, என்ன திட்டாம கொள்ளாம, "கடைசியா எப்ப ஏதாவது சப்மிட் பண்ண?"ன்னு கேட்டாங்க. அந்த லேப் ரிப்போர்ட். கேன்வாஸ்ல (பாடம், அசைன்மென்ட் எல்லாம் போடுற காலேஜ் வெப்சைட்) தேதியும் நேரமும் அப்படியே இருந்துச்சு, வியாழன் மாலை 5:42. அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டுல பில்லு போயிடுச்சு, ஏன்னா கடைசியா படிப்பு சம்பந்தமா ஏதாவது பண்ணதுக்கு ஆதாரம் இருந்தா அந்த தேதியையும் எடுத்துக்கலாம்.

எஃப் மாறினது தனிக்கதை. உடம்பு சரியில்லாம நின்னிருந்தா முன்தேதியிட்ட மெடிக்கல் வித்டிராயல்னு பல காலேஜ்ல ஒரு பெட்டிஷன் இருக்கு, டாக்டர் லெட்டர்ல தேதி ஒத்துப் போகணும், எல்லா சப்ஜெக்டுக்கும் சேத்துக் கேக்கணும், பிடிச்சத வச்சுக்கிட்டு பிடிக்காதத மட்டும் மாத்துன்னா சந்தேகப்படுவாங்க. ஏற்கனவே என்ன மாதிரி நின்னுட்டவங்க, இத போய் கேளுங்க, ரெண்டு வருஷம் ஆயிடுச்சேன்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க.

4. லாகின் போறதுக்குள்ள எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கோங்க

இத சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. காலேஜ விட்டு வந்த கொஞ்ச நாள்ல காலேஜ் மெயிலும் கேன்வாஸும் பூட்டிடும். புது காலேஜ்ல உங்க கிரெடிட்ட எடை போடுறவங்க, "இந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ்ல என்ன நடத்தினாங்க"ன்னு கேக்கும்போது சிலபஸ் உங்க கையில இருக்கணும். கோர்ஸ் பேர வச்சு அவங்க முடிவு பண்றதில்ல, எந்த புக்கு, எந்தெந்த சாப்டர், எத்தன மணி நேரம், லேப் இருந்துச்சா இல்லையான்னு பாப்பாங்க.

ஒரு ஃபோல்டர் போடுங்க, ஒவ்வொரு கோர்ஸுக்கும் சிலபஸ் பிடிஎஃப், அந்த வருஷத்து கேட்டலாக்ல இருக்கிற கோர்ஸ் விவரம், நீங்க எழுதின நல்ல பேப்பர் ஒண்ணு ரெண்டு. அன்அஃபீஷியல் டிரான்ஸ்கிரிப்ட் ஒரு காப்பி. ட்யூஷன் ரசீது, வரிக்கான 1098-டி ஃபார்ம். லீவு அப்ரூவ் பண்ண மெயில். காலேஜ் அக்கவுண்ட்ல ரிஜிஸ்டர் பண்ண ஜிமெயில், காமன் ஆப் (பல காலேஜுக்கு ஒரே எடத்துல அப்ளை பண்ற வெப்சைட்), பேங்க் எல்லாத்தையும் சொந்த மெயிலுக்கு மாத்திடுங்க.

அக்கவுண்ட்ல பாக்கி ஏதாவது நிக்குதான்னும் பாருங்க, லைப்ரரி ஃபைன், பார்க்கிங், ஹெல்த் சென்டர், பத்து இருபது டாலருக்குக்கூட ஹோல்டு விழும், அது தீர்ற வரைக்கும் டிரான்ஸ்கிரிப்ட் நிக்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள்ல பாக்கிக்காக டிரான்ஸ்கிரிப்ட புடிச்சு வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஆனா எல்லா எடத்துலயும் அப்படி இல்ல, மார்ச் மாசம் டெட்லைனுக்கு முந்தின நாள் போய் இந்த சண்டைய போட்டுக்கிட்டு இருக்க முடியாது.

ரெண்டு ப்ரொஃபசர நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. டிரான்ஸ்ஃபருக்கு ரெகமண்டேஷன் கேக்குற காலேஜ் நிறைய, ஒன்றரை வருஷம் கழிச்சு முந்நூறு பேர் கிளாஸ்ல படிச்ச உங்கள அவங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும். "நான் கொஞ்ச நாள் பிரேக் எடுக்கறேன், அப்புறம் டிரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணுவேன், அப்ப ஒரு லெட்டர் தருவீங்களா"ன்னு நேரடியா கேட்டுடுங்க, கையோட உங்க பேப்பரையும் அனுப்பி வைங்க. நான் காலேஜ விட்டு நின்னதுக்கு அப்புறம்தான் ஒரு ப்ரொஃபசர்கிட்ட பயந்துக்கிட்டே போனேன், அவர் கதவ சாத்திட்டு உக்கார வச்சு அரை மணி நேரம் பேசினார், கடைசில எனக்கு வந்த லெட்டர்ல நல்ல லெட்டர் அவர் குடுத்ததுதான்.

5. கடன், எய்ட், இன்ஷூரன்ஸ்

ஃபெடரல் லோன் வாங்கியிருந்தா, நீங்க பாதி லோடுக்கு கீழ போன நாள்லருந்து 6 மாச கிரேஸ் (தவணை கட்டாம இருக்க குடுக்குற அவகாசம்) ஓட ஆரம்பிக்கும், அண்டர்கிராட்ல பாதி லோடுன்னா வழக்கமா 6 கிரெடிட். காலேஜ் "லீவு"ன்னு சொன்னாலும் லோன் கணக்குல அது லீவா இருக்கணும்னு இல்ல, ஃபெடரல் விதிப்படி லீவுன்னா 12 மாசத்துல 180 நாளுக்கு மேல போகக்கூடாது, அதுக்கு மேல போனா வித்டிரா பண்ண மாதிரிதான் கணக்கு. அந்த 6 மாசம் முடியறதுக்குள்ள எங்கயாவது பாதி லோடுல சேந்துட்டா கிரேஸ் முழுசா திரும்பக் கிடைக்கும், தாண்டிட்டா தவணை கட்ட ஆரம்பிக்கணும், மறுபடி படிக்கச் சேரும்போது தவணைய நிறுத்தி வைப்பாங்க, ஆனா அந்த லோனுக்கு கிரேஸ் போனது போனதுதான், டிகிரி முடிச்ச மறுமாசமே கட்டணும். ஒரு வருஷ பிரேக்ல நடுவுல ஒரு செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜ்ல 6 கிரெடிட் எடுத்தா இந்த சிக்கல் தீரும். பிரைவேட் லோனுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது, அந்த பேங்குக்கு ஃபோன் போட்டே கேக்கணும்.

ஃபெடரல் எய்டுக்கு அப்ளை பண்ற ஃபார்ம், ஃபாஃப்ஸா, வழக்கமா அக்டோபர் 1 திறக்கும். பிரேக்ல இருந்தாலும் அடுத்த வருஷத்துக்கு போட்டு வைங்க, அப்ளை பண்ற காலேஜ் எல்லாத்தையும் அதுல சேருங்க, 20 வரைக்கும் சேக்கலாம். அதுல பாக்குறது ரெண்டு வருஷத்துக்கு முந்தின வரிக் கணக்கு, அதனால பிரேக்ல நீங்க சம்பாதிக்கிறது ரெண்டு வருஷம் கழிச்சு வந்து எட்டிப் பாக்கும். பெத்தவங்கள விட்டு தனியா ஒரு வருஷம் இருந்தா இண்டிபெண்டண்ட் ஆயிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 24 வயசு, கல்யாணம், ராணுவ சேவைன்னு அதுக்கு தனி நிபந்தனைகள் இருக்கு, தனியா வாடகை கட்டுறது அதுல வராது. அதே மாதிரி வேற மாநிலத்துல ஒரு வருஷம் போய் உக்காந்தா இன்-ஸ்டேட் ஃபீஸ் (அந்த மாநிலத்துக்காரங்களுக்கான கம்மி ஃபீஸ்) வந்துடும்னும் நினைக்காதீங்க, டிபெண்டண்ட்டா இருக்கிறவரைக்கும் பெரும்பாலும் அப்பா அம்மா எங்க இருக்காங்கன்னுதான் பாப்பாங்க.

டபிள்யூ ஜிபிஏவ தொடாது, ஆனா எய்ட் கணக்குல எடுத்து முடிக்காத கிரெடிட்டாதான் போகும், எடுத்ததுல சுமாரா 67 சதவீதம் முடிச்சிருக்கணும்னு ஒரு கோடு பல காலேஜ்ல இருக்கு. பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவி) வாங்குறவங்களுக்கு வாழ்நாள் மொத்தமும் 12 செமஸ்டர் அளவுதான், ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்பா 529 அக்கவுண்ட்ல (படிப்புக்கான சேமிப்பு அக்கவுண்ட்) இருந்து ஃபீஸ் கட்டியிருந்து, ரீஃபண்ட் வந்தா, 60 நாளுக்குள்ள அந்தப் பணத்த திரும்ப 529லயே போட்டுடணும், இல்லன்னா வரி விழும். காலேஜ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் போயிடும், ஆனா 26 வயசு வரைக்கும் பெத்தவங்க இன்ஷூரன்ஸ்ல இருக்கலாம், படிக்கிறீங்களா இல்லையான்னு அதுல கேள்வியே இல்ல. பிளான் மாற 60 நாள்வரை டைம் தருவாங்க, ஆபீஸ் பிளான்ல சில சமயம் 30 நாள்தான், முதல் வாரத்துலயே கேட்டுடுங்க.

6. வீட்டுல சொல்றது

எனக்கு ஃபார்ம விட இதுதான் கஷ்டமா இருந்துச்சு. "நாலு பேர் கேட்டா என்ன சொல்றது"ங்கிற கேள்வி வரும், வரட்டும். அப்பா அம்மா பயம் என்னன்னா, பிள்ளை படிப்ப விட்டுடுச்சு, இனி திரும்பாதுங்கறதுதான். அதனால வெறுங்கையோட போகாதீங்க. ஒரே ஒரு பேப்பர்ல, இந்த தேதில லீவு ஆரம்பம், இந்த மாசம் இந்த கிளாஸ், இந்த தேதி அப்ளிகேஷன், இந்த மாசம் திரும்பச் சேர்றதுன்னு எழுதி கொண்டுபோய் டேபிள்ல வைங்க. எங்கப்பா மூணு நாள் பேசல, நாலாவது நாள் அந்த பேப்பர ஃபிரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டினார், அதுக்கப்புறம் டெட்லைன எனக்கு முன்னாடி அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

உடம்பு மனசு காரணம்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. தாங்க முடியாத நிலைமைல இருந்தா 988ங்கிற மன நெருக்கடி உதவி நம்பருக்கு எப்ப வேணா கூப்பிடலாம், மெசேஜும் பண்ணலாம்.

7. பிரேக்ல என்ன பண்றது

முதல் ஆறு வாரம் ஒண்ணும் பண்ணாதீங்க, தூங்குங்க. நான் நிஜமாத்தான் சொல்றேன், ஓடி ஓடி களைச்சுப் போய் நின்னவங்க மறுநாளே ஆன்லைன் கோர்ஸ்ல சேந்தா அது பிரேக்கே இல்ல.

அப்புறம் எதுல தடுக்கி விழுந்தீங்களோ அத சரி பண்ணுங்க. பிடிக்காத மேஜர்னா, பிடிச்ச துறைல கொஞ்ச நாள் வேலையோ வாலண்டியரோ. பணம்னா வேலை. உடம்புன்னா டாக்டர். அட்மிஷன் ஆபீஸ்ல படிக்கிறவங்க தேடுறது பெரிய சாதனைய ஒண்ணும் இல்ல, போன தடவ எது தப்பாச்சோ அது இந்த தடவ ஆகாதுங்கறதுக்கு ஒரு அறிகுறி.

கிரேடு மோசமா இருக்கிறவங்களுக்கு கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு கிளாஸ் எடுத்து ஏ வாங்குறத விட நல்ல அறிகுறி கிடையாது. ஆனா பழைய எஃப்ப அது அழிக்காது, ரெண்டும் சேந்தேதான் தெரியும். எடுக்குற கிளாஸ் போகப்போற காலேஜ்ல செல்லுமான்னு பாத்துட்டு எடுங்க. கலிஃபோர்னியால அசிஸ்ட்னு ஒரு வெப்சைட், எந்த கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் எந்த யூசிக்கும் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சிஎஸ்யூவுக்கும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) செல்லும்னு அப்படியே காட்டும். டெக்சாஸ்ல அரசு காலேஜ்கள்ல 42 கிரெடிட் கோர் கரிக்குலம் முடிச்சா அது மொத்தமா அடுத்த அரசு காலேஜுக்கு வரும். ஃபுளோரிடால மாநிலம் முழுக்க ஒரே கோர்ஸ் நம்பர் முறை.

கலிஃபோர்னியால இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. யூசில கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்களுக்குத்தான் டிரான்ஸ்ஃபர்ல முன்னுரிமை. நாலு வருஷ காலேஜ்ல இருந்து வந்தவங்களும் அந்தக் கணக்குல வரலாம், கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல 30 செமஸ்டர் யூனிட் முடிச்சு, யூசிக்கு வர்றதுக்கு முந்தின ரெகுலர் டெர்ம் அங்கயே படிச்சிருக்கணும். ஒரு வருஷ பிரேக்க இப்படி பயன்படுத்தினவங்க இருக்காங்க. அளவுக்கு மீறி சேத்துடவும் வேண்டாம், லோயர் டிவிஷன் (முதல் ரெண்டு வருஷ லெவல்) கிரெடிட் 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல யூசி எடுத்துக்காது.

8. எந்த காலேஜ், எந்த தேதி

காலேஜ் பேர பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: என்னோட கிரெடிட்ல எவ்வளவு எடுத்துக்குவீங்க, டிகிரிக்கு குறைஞ்சது எத்தன கிரெடிட் உங்ககிட்டயே படிக்கணும். பெரும்பாலும் சி அல்லது அதுக்கு மேல இருந்தாதான் கிரெடிட் வரும், ஜிபிஏ வராது, புது எடத்துல புதுசா ஆரம்பிக்கும். குவார்ட்டர் முறைல இருந்து செமஸ்டருக்கு போறவங்க கிரெடிட்ட மூணுல ரெண்டு பங்கா குறைச்சுக்கோங்க, 90 குவார்ட்டர் கிரெடிட் 60 செமஸ்டர் கிரெடிட். கடைசி 30 கிரெடிட்ட எங்ககிட்டதான் எடுக்கணும்னு பல காலேஜ்ல இருக்கு. நர்சிங் மாதிரி துறைகள்ல ரொம்பப் பழைய சயின்ஸ் கோர்ஸ ஏத்துக்க மாட்டாங்க, பிரேக் நீண்டுக்கிட்டே போனா இதுவும் ஒரு கவலை.

தேதிய பின்னாலருந்து எண்ணுங்க. ஃபால்ல சேரணும்னா பிரைவேட் காலேஜ் நிறைய மார்ச் மாசத்த ஒட்டி, யூசிக்கு முந்தின வருஷம் நவம்பர் கடைசிய ஒட்டி முடிஞ்சுடும். ஸ்பிரிங்ல சேரணும்னா அக்டோபர், நவம்பர், ஸ்பிரிங்ல டிரான்ஸ்ஃபரே எடுக்காத காலேஜும் இருக்கு. ஆக மே மாசம் பிரேக் ஆரம்பிச்சு அடுத்த வருஷ ஃபால்ல யூசில சேரணும்னா, ஓய்வு எடுக்கறதுக்கு உங்களுக்கு நிஜமா கிடைக்கிறது நாலஞ்சு மாசம்தான், அக்டோபர்ல எழுத உக்காந்துடணும்.

9. அப்ளிகேஷன்

படிச்ச எல்லா காலேஜோட டிரான்ஸ்கிரிப்டும் குடுக்கணும், ஒரு கிளாஸ் எடுத்துட்டு விட்டதா இருந்தாலும் சரி. நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ் மூலமா யார் எங்க சேந்திருந்தாங்கன்னு காலேஜால பாக்க முடியும், மறைச்சது அப்புறம் தெரிஞ்சா குடுத்த அட்மிஷன கேன்சல் பண்ணுவாங்க. பழசையெல்லாம் மறைச்சுட்டு ஃப்ரெஷ்மேனா அப்ளை பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கும் இதே பதில்தான். கிரெடிட் கம்மியா இருந்தா ஹைஸ்கூல் மார்க்கும் கேப்பாங்க, எடுத்து வைங்க. காலேஜ் ரிப்போர்ட்னு ஒரு ஃபார்ம் இருக்கும், நீங்க கடைசியா படிச்ச காலேஜோட ரிஜிஸ்ட்ரார் பூர்த்தி பண்ணி அனுப்பணும், பிரேக்ல இருக்கிறவங்களுக்கு அத வாங்க அதிக நாள் ஆகும்.

பிரேக்க பத்தி எழுத மெயின் எஸ்ஸேய வீணாக்காதீங்க. கூடுதல் தகவல் பகுதில நாலு வரி போதும். என்னோடது ஏறக்குறைய இப்படி இருந்துச்சு: "2வது வருஷம் ஸ்பிரிங்ல எனக்கு உடம்பு சரியில்லாம போனதால அந்த செமஸ்டர்ல மெடிக்கல் வித்டிராயல் பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் சிகிச்சை எடுத்தேன், 10 மாசம் ஒரு ஃபார்மசில வேலை பாத்தேன். போன ஃபால்ல கம்யூனிட்டி காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பயாலஜியும் எடுத்து ரெண்டுலயும் ஏ. முழு லோடு படிக்க இப்ப தயாரா இருக்கேன்." அவ்வளவுதான். காரணம், என்ன பண்ணீங்க, ஆதாரம். என்ன வியாதி, எந்த மாத்திரைன்னு எழுத வேண்டிய அவசியமே இல்ல, பழைய காலேஜ குறை சொல்லி ஒரு வரிகூட எழுதாதீங்க. மெயின் எஸ்ஸேல எதுக்காக அந்த காலேஜுக்குப் போறீங்க, அங்க எந்த கோர்ஸ், எந்த லேப்ங்கிறத எழுதுங்க.

10. அட்மிஷன் வந்தப்புறம்

டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி கிரெடிட் இவாலுயேஷன் கேளுங்க, எழுத்துல வேணும்னு கேளுங்க. அட்மிஷன் வந்த சந்தோஷத்துல எல்லாரும் விடுறது இதத்தான். அதுல ஒவ்வொரு கோர்ஸுக்கும் எதிர்ல, எங்க காலேஜ்ல இந்த கோர்ஸுக்கு சமம்னு இருக்கா, வெறும் எலெக்டிவ்னு போட்டிருக்கான்னு பாருங்க. எலெக்டிவ்னா கிரெடிட் எண்ணிக்கைல வரும், ஆனா மேஜருக்கு உதவாது, அதே பாடத்த மறுபடி காசு கட்டி படிக்கணும்.

என் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு அப்படித்தான் எலெக்டிவ்னு வந்துச்சு. பழைய காலேஜ்ல முதல் வருஷம் எடுத்த கால்குலஸ் 2 கோர்ஸுக்கும் அதே கதி. டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல கேட்டேன், டிபார்ட்மெண்ட்டுக்கு அப்பீல் பண்ணலாம், சிலபஸ் இருக்கான்னாங்க. கம்யூனிட்டி காலேஜ் சிலபஸ் இருந்துச்சு, 11 பக்கம், வாரவாரம் என்ன பாடம்னு அட்டவணையோட, அன்னைக்கே அனுப்பினேன், ஒன்பது நாள்ல மாத்திக் குடுத்துட்டாங்க. கால்குலஸ் சிலபஸ் பழைய காலேஜ் கேன்வாஸ்ல இருந்துச்சு, அது எப்பவோ பூட்டிடுச்சு. டிபார்ட்மெண்ட்டுக்கு மெயில் போட்டேன், நடத்தினவர் போயிட்டார், அந்த வருஷத்து ஃபைல் இல்லன்னு பதில் வந்துச்சு. அந்த ஃபால்ல முதல் கிளாஸா நான் போய் உக்காந்தது கால்குலஸ் 2.